முதலில் எந்தப் புத்தகம்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர், தம் பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கிலப் புத்தகங்களை இரண்டு அட்டைப்பெட்டிகளில் கொண்டுவந்து நூலகத்துக்குக் கொடுத்தார். அவற்றில் சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதை வரிசையின் ஏழு நூல்களும் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் 1 முதல் 7 வரை எண் அச்சிட்டிருந்தது. எண் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது? எட்டாம் வகுப்பு ஆங்கில வழிப் பிரிவில் நன்றாக வாசிக்கும் மாணவி ஒருத்தியிடம் 1 என்ற எண்ணுள்ள நூலைக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் உற்சாகம் இல்லை.

"மிஸ், அட்டையில நார்னியான்னு போட்டிருக்கு. பாதி வரைக்கும் படிச்சிட்டேன், நார்னியாவே வரல."

அதன் பிறகு அந்தப் பருவம் முழுவதும் அவள் ஆங்கிலக் கதைப்புத்தகம் எதையும் எடுக்கவில்லை.

இதற்கிடையில், 1ஆம் எண் நூல் வெளியே போயிருந்ததால் வேறு வழியின்றி 2ஆம் எண் நூலை ஒரு மாணவன் எடுத்துச் சென்றான். சுமாராக வாசிக்கிறவன், அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படிப்பவன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் என்னைத் தேடி வந்துவிட்டான்.

"மிஸ், காட்டுக்கு நடுவுல லைட்டுக் கம்பம் எப்படி வந்துச்சு? யாரு நட்டது?"

நன்றாக வாசிப்பவள் பாதியில் நின்றுவிட்டாள். தடுமாறி வாசிப்பவன் கேள்வியோடு ஓடி வருகிறான். குறை மாணவியிடம் இல்லை, நான் எடுத்துக் கொடுத்த நூலில் இருந்தது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த அனுபவத்திலிருந்து நான் கற்றதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஏழு நூல்கள், இரண்டு வரிசைகள்

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1898இல் பிறந்த லூயிஸ், ஆக்ஸ்ஃபோர்டிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் இலக்கியம் கற்பித்தவர். நார்னியா என்ற கற்பனை நாட்டைப் பற்றிய அவருடைய ஏழு நூல்கள் ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்தன:

1950 – தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்
1951 – பிரின்ஸ் காஸ்பியன்
1952 – தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்
1953 – தி சில்வர் சேர்
1954 – தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்
1955 – தி மெஜிசியன்ஸ் நெஃப்யூ
1956 – தி லாஸ்ட் பேட்டில்

இது வெளியீட்டு வரிசை. கதை நிகழும் கால வரிசை இதிலிருந்து மாறுபடும். 1955இல் வெளிவந்த 'மெஜிசியன்ஸ் நெஃப்யூ' நார்னியா எப்படித் தோன்றியது என்பதைச் சொல்வதால், கால வரிசைப்படி அதுதான் முதலாவது. 'லயன்' இரண்டாவது. 'ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' கதை, 'லயன்' நூலின் கடைசி அத்தியாயத்தில் சில பத்திகளில் கடந்துபோகும் ஆட்சிக் காலத்துக்குள் நடப்பதால் மூன்றாவது. அதன்பின் 'காஸ்பியன்', 'டான் ட்ரெடர்', 'சில்வர் சேர்', 'லாஸ்ட் பேட்டில்' என்று செல்லும்.

1994 முதல் ஹார்ப்பர் காலின்ஸ் நிறுவனம் இந்தக் கால வரிசைப்படி நூல்களுக்கு எண் இட்டு வெளியிட்டது. எங்கள் நூலகத்துக்கு வந்ததும் அந்த எண்ணிக்கைதான். நான் கொடுத்த 1ஆம் எண் நூல், லூயிஸ் வெளியிட்ட ஆறாவது நூல்.

நூலுக்குள்ளே இருக்கும் சாட்சி

எதை முதலில் படிக்க வேண்டும் என்ற விவாதம் நார்னியா வாசகர்களிடையே நீண்ட காலமாக நடக்கிறது. விடையை வெளியே தேட வேண்டியதில்லை. இரண்டு நூல்களையும் திறந்து வைத்துப் பார்த்தாலே போதும்.

'லயன்' நூலில், போர்க்காலக் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு குழந்தைகள் ஒரு முதிய பேராசிரியரின் பெரிய வீட்டில் தங்குகிறார்கள். இளையவளான லூசி, ஓர் அலமாரிக்குள் தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். காலடியில் பனி மிதிபடுகிறது. எதிரே காடு, காட்டின் நடுவே எரியும் ஒரு விளக்குக் கம்பம். குடையும் பொட்டலங்களுமாக, ஆட்டின் கால்களைக் கொண்ட ஒரு மனிதர் வருகிறார். லூசிக்கு எதுவும் புரியவில்லை. நமக்கும் புரியவில்லை. இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ளத் தொடங்குகிறோம். பனிக்காட்டில் குடையோடு நடக்கும் அந்த உருவம் தம் பதினாறு வயதிலிருந்தே மனத்தில் இருந்தது என்றும், கதை அந்தப் படத்திலிருந்தே தொடங்கியது என்றும் லூயிஸ் எழுதியிருக்கிறார்.

7ஆம் அத்தியாயத்தில், நீர்நாய் போன்ற பீவர் ஒன்று அஸ்லான் என்ற பெயரை முதன்முதலாகச் சொல்கிறது. அந்த இடத்தில் கதைசொல்லி, அஸ்லான் யார் என்பது உங்களுக்குத் தெரியாததுபோலவே அந்தக் குழந்தைகளுக்கும் தெரியாது என்ற பொருள்பட வாசகரிடம் நேரடியாகப் பேசுகிறார். வாசகருக்கு அஸ்லானைத் தெரியாது என்பதுதான் அந்த நூலின் எதிர்பார்ப்பு.

'மெஜிசியன்ஸ் நெஃப்யூ' தொடங்கும் விதம் வேறு. நம் உலகத்துக்கும் நார்னியாவுக்கும் இடையிலான போக்குவரத்து எப்படி ஆரம்பித்தது என்று காட்டுவதால் இது முக்கியமான கதை என்று முதல் பத்தியிலேயே அது சொல்லிவிடுகிறது. நார்னியாவை ஏற்கெனவே அறிந்தவரிடம் பேசும் தொனி இது. அறியாதவருக்கு நார்னியா என்பது வெறும் பெயர். அந்த நூலில் நார்னியா கண்முன் தோன்றத் தொடங்குவது 15 அத்தியாயங்களில் 8ஆம் அத்தியாயத்தின் முடிவில்தான். என் மாணவி சொன்னது துல்லியமான விமர்சனம். பாதி வரை நார்னியா வரவே இல்லை.

விடை முந்தினால் கேள்வி பிறக்காது

அந்த மாணவன் கேட்ட விளக்குக் கம்பக் கேள்விக்கு விடை 'மெஜிசியன்ஸ் நெஃப்யூ' நூலில் இருக்கிறது. அலமாரிக்குள் ஒரு நாடு இருப்பது எப்படி, பேராசிரியர் லூசியின் பேச்சை நம்ப மறுக்காதது ஏன், வெள்ளைச் சூனியக்காரி எங்கிருந்து வந்தாள் என்பவற்றுக்கும் அங்கேதான் விடை. 'லயன்' படித்தவருக்கு அந்த நூல் ஒரு புதையல். பக்கத்துக்குப் பக்கம் "அட, இதுதானா அது!" என்று வியக்க வைக்கும். படிக்காதவருக்கு அதே பக்கங்கள் வெறும் செய்திகள். கேட்காத கேள்விக்கு வந்த பதில்கள்.

நம் கற்பித்தலிலும் இதைப் பார்க்கிறோம். வரையறையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு எடுத்துக்காட்டுக்குப் போகும் பாடத்தில் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். காந்தத்தைக் கையில் கொடுத்து, "எதில் ஒட்டுகிறது, எதில் ஒட்டவில்லை?" என்று தொடங்கும் பாடத்தில் அவர்களே கேட்பார்கள். பொருளின் தர்க்க வரிசையும் கற்பவரின் வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கதையுலகின் கால வரிசை அதன் தர்க்க வரிசை. வாசகர் அறிந்துகொள்ளும் வரிசை அதிலிருந்து வேறு.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை. கல்கியின் 'பார்த்திபன் கனவு' முதலில் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் 'சிவகாமியின் சபதம்' பிறகே எழுதப்பட்டது. 'பார்த்திபன் கனவு' படித்துவிட்டு வருபவர், முதிர்ந்த மன்னராகத் தாம் கண்ட நரசிம்மவர்மரை இளவரசராகக் காணும்போது அடையும் மகிழ்ச்சி, பின்னோக்கிச் செல்வதால் மட்டுமே கிடைப்பது.

லூயிஸ் என்ன சொன்னார்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கால வரிசைக்கு ஆதரவாகப் பலரும் காட்டுவது, 1957இல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு லூயிஸ் எழுதிய கடிதம். கால வரிசைப்படி படிக்கலாம் என்பது சிறுவனின் எண்ணம். வெளியான வரிசைப்படி படிக்க வேண்டும் என்பது அவன் தாயின் எண்ணம். தாம் சிறுவனின் பக்கமே அதிகம் சாய்வதாக லூயிஸ் பதில் எழுதினார்.

ஆனால் அதே கடிதத்தில் அவர் மேலும் சொல்கிறார். முதல் நூலை எழுதியபோது இரண்டாவது வரும் என்று தமக்குத் தெரியாது; மூன்றாவதை முடித்தபோது அதுவே கடைசி என்று நினைத்தார்; எனவே எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இல்லாமல் இருக்கலாம் என்கிறார். ஒரு குழந்தையை மகிழ்விக்க எழுதிய அன்பான பதில் அது. வெளியீட்டாளர் பின்பற்ற வேண்டிய ஆணையாக அதை எடுத்துக்கொள்வது சரியாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அனைத்தையும் ஒருமுறை படித்து முடித்த குழந்தை, இரண்டாம் முறை கால வரிசையில் படித்தால் அதில் வேறொரு சுவை கிடைக்கும். நான் பேசுவது முதல் முறை படிக்கும் குழந்தையைப் பற்றி.

முதலில் வெளிவந்ததே எப்போதும் முதல் நூலா?

அப்படியும் ஒரு விதி வகுத்துவிட முடியாது. வேறு மூன்று எழுத்தாளர்களைப் பாருங்கள்.

டோல்கீனின் கற்பனை உலகில் காலத்தால் முந்திய நிகழ்ச்சிகளைச் சொல்வது 1977இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'சில்மரிலியன்'. அதை ஒரு சிறுவனிடம் முதலில் கொடுத்தால், கதை தொடங்கும் முன்பே நூற்றுக்கணக்கான பெயர்களில் தொலைந்துபோவான். 1937இல் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட 'தி ஹாபிட்'தான் அந்த உலகின் வாசல். வீட்டை விட்டு வெளியே போக விரும்பாத ஒருவரை இழுத்துக்கொண்டு போகும் கதை அது.

உர்சுலா லெ குவினின் எர்த்சீ வரிசையில் 1968இல் வந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' முதலாவது. ஒரு தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் மந்திரம் கற்கப் போகிறான். அவனோடு நாமும் கற்கிறோம். இங்கே வெளியீட்டு வரிசையில் போவதே நல்லது.

டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 நாவல்கள். 1983இல் வந்த முதல் நூலான 'தி கலர் ஆஃப் மேஜிக்' பழைய மாயக்கதைகளைக் கேலி செய்வது. அந்தக் கதைகளைப் படிக்காத பிள்ளைக்குச் சிரிப்பில் பாதி போய்விடும். 2003இல் வெளிவந்த 'தி வீ ஃப்ரீ மென்' இளம் வாசகர்களுக்காகவே எழுதப்பட்டது. ஆட்டுப்பண்ணையில் வளரும் ஒன்பது வயது டிஃபனி, தேவதைகளின் அரசி தூக்கிச் சென்ற தன் தம்பியை மீட்க வாணலியோடு கிளம்புகிறாள். அந்த வரிசையில் நம் பிள்ளைகளுக்கு முதல் நூலாகக் கொடுக்கத் தகுந்தது இதுதான். அதற்கு முன் வந்த நாவல்களைப் படிக்காமலே இதைப் படித்துவிடலாம்.

கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்

ஆகவே, எந்த எழுத்தாளரானாலும் முதல் நூலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

1. கதைக்குள் புதிதாக நுழையும் ஒரு பாத்திரம் இருக்கிறதா? லூசியைப்போல் எதுவும் தெரியாத ஒருவர் கதையில் இருந்தால், வாசகருக்கு அவர் துணையாவார்.

2. முதல் 20 பக்கங்களில் விளக்கம் அதிகமா, வியப்பு அதிகமா? பெயர்களும் வரலாறும் குவிந்தால் அந்த நூல் பிறகு படிக்க வேண்டியது.

3. இந்த ஒரு நூலோடு நிறுத்தினாலும் கதை நிறைவாக இருக்குமா? 'லயன்' நூலுக்குப் பின் மற்ற ஆறையும் படிக்காவிட்டாலும் ஒரு முழுக் கதை படித்த மனநிறைவு கிடைக்கும். தயங்கித் தயங்கி வாசிக்கும் மாணவருக்கு இது மிக முக்கியம். அவர் முடிக்கும் முதல் முழு ஆங்கில நூலாகவே அது இருக்கலாம்.

இவற்றுக்கு விடை காண, நூலின் முதல் அத்தியாயத்தையாவது ஆசிரியர் படித்திருக்க வேண்டும். நான் அன்று படிக்கவில்லை. முதுகில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தேன்.

வகுப்பறைச் செயல்பாடு

'லயன்' நூலை வைத்து எங்கள் எட்டாம் வகுப்பில் நாங்கள் செய்ததைக் கீழே தருகிறேன். உங்கள் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

*முதல் பாடவேளை:* முதல் அத்தியாயத்தை ஆசிரியர் உரக்க வாசிக்கிறார். கடினமான இடங்களில் தமிழில் ஒரு வரி விளக்கம் போதும். ஆட்டுக்கால் மனிதர் லூசியைக் கண்டு அதிர்ந்து பொட்டலங்களை நழுவவிடும் இடத்தில் அத்தியாயம் முடிகிறது. அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தோன்றும் ஒரு கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதட்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். தாள்களைச் சுவரில் ஒட்டி அதற்குக் 'கேள்விச் சுவர்' என்று பெயரிடுங்கள்.

*அடுத்த வாரங்கள்:* மாணவர்கள் குழுவாகப் படிக்கிறார்கள். விடை கிடைத்த கேள்வித் தாளை எடுத்து, பின்பக்கம் விடையையும் பக்க எண்ணையும் எழுதி நோட்டில் ஒட்டுகிறார்கள். ஏன் எங்கும் பனி என்ற கேள்விக்கு அடுத்த அத்தியாயத்திலேயே விடை வந்துவிடும்.

*நூல் முடிந்த பின்:* சுவரில் சில தாள்கள் மீதமிருக்கும். எங்கள் சுவரில் விளக்குக் கம்பம், அலமாரி, பேராசிரியர் ஆகிய மூன்று கேள்விகள் மிஞ்சின. இப்போது 'மெஜிசியன்ஸ் நெஃப்யூ' நூலை எடுத்துக் காட்டி, "விடை இதற்குள் இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

*உயர்நிலை வகுப்புகளுக்கு:* ஏழு நூல்களின் பெயர்களையும் அட்டைகளில் எழுதி, வெளியான ஆண்டு வரிசையில் ஒருமுறையும் கதை நிகழும் கால வரிசையில் ஒருமுறையும் அடுக்கச் சொல்லலாம். "புதிதாகப் படிக்கும் நண்பருக்கு எந்த வரிசையைப் பரிந்துரைப்பாய்? ஏன்?" என்பதை ஆங்கிலத்தில் ஒரு பத்தியாகவோ கடிதமாகவோ எழுதலாம். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால் விவாதம் சூடாக நடக்கும்.

*தொடக்க வகுப்புகளுக்கு:* கதையைத் தமிழில் வாய்மொழியாகச் சொல்லலாம். வகுப்பறை அலமாரிக் கதவைத் திறந்து காட்டி, "இதற்குப் பின்னால் என்ன இருக்கும்?" என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். இவர்களுக்கும் லூசியின் கதைதான் முதலில். நார்னியா தோன்றிய கதையை அடுத்த பருவத்தில் சொல்லலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

லூயிஸ் கிறித்தவச் சமயச் சிந்தனையாளராகவும் அறியப்பட்டவர். அஸ்லானின் தியாகத்திலும் மீண்டெழுதலிலும் அந்தச் சாயல் உண்டு. பல சமயப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் இதைக் கதையாகவே நடத்துவது நல்லது. கேட்டால் உண்மையைச் சொல்லலாம்.

'ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்', 'லாஸ்ட் பேட்டில்' ஆகிய நூல்களில் காலர்மன் நாட்டு மக்கள் கருநிறத்தவராகவும் தலைப்பாகை அணிந்தவராகவும், பெரும்பாலும் எதிரிகளாகவும் காட்டப்படுகிறார்கள். இது கடுமையான விமர்சனத்துக்கு உள்ளான பகுதி. ஆசிரியர் முன்கூட்டியே படித்து, மாணவர்களோடு வெளிப்படையாகப் பேசத் தயாராக இருக்க வேண்டும். 'லாஸ்ட் பேட்டில்' 1956ஆம் ஆண்டுக்கான கார்னகி பதக்கம் பெற்ற நூல்தான். ஆனால் அது நார்னியாவின் அழிவையும் மரணத்தையும் சொல்வது. சிறு பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்.

தொடர் கதை வேண்டாம், தனித்தனி நிகழ்ச்சிகளே பிடிக்கும் என்னும் மாணவருக்கு, 'லயன்' முடித்த பிறகு 'டான் ட்ரெடர்' பொருந்தும். தீவு தீவாகச் செல்லும் கடற்பயணம் அது. யாரோடும் ஒத்துப்போகாத ஒரு சிறுவன் டிராகனாக மாறிவிடும் பகுதியை எங்கள் வகுப்பில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

அந்த மாணவி

விளக்குக் கம்பத்தைக் கேட்ட மாணவன் 'லயன்' முடிக்க ஏழு வாரங்கள் ஆயின. அதன்பின் அவனாகவே 1ஆம் எண் நூலை எடுத்துச் சென்றான். ஒருநாள் மதிய உணவு இடைவேளையில், அதே நூலைப் பாதியில் விட்டவளிடம் அவன் சத்தமாக விளக்கிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். எறிந்த இரும்புத்துண்டு மண்ணில் எப்படி முளைத்தது என்பதைக் கைகளை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் குறுக்கிட்டு, "இரு, சொல்லாதே. நான் படிச்சுக்கறேன்" என்றாள்.

அன்று மாலை அவள் நூலகத்துக்கு வந்தாள். 1ஆம் எண் நூலை நோக்கிக் கை நீட்டியவளிடம் 2ஆம் எண் நூலைக் கொடுத்தேன்.

"இதுல இருந்து ஆரம்பி."

இப்போது அந்த ஏழு நூல்களின் முதுகிலும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருக்கிறோம். மேலே புது எண்களைப் பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். உங்கள் பள்ளி நூலக அலமாரியிலும் எண்ணிட்ட தொடர் நூல்கள் இருக்கலாம். அடுத்த முறை ஒன்றை எடுத்துக் கொடுக்கும் முன், முதல் அத்தியாயத்தை ஒருமுறை நீங்கள் படித்துப் பாருங்கள்.